நடுவில் ஒரு நட்சத்திரம்

ஆகஸ்ட் 26

மேற்கு மலைமேல் மேகம் இல்லை. இந்த மாதத்தில் போடியில் இது அதிசயம். பொழுது சாய்ந்ததுமே தொலைநோக்கியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டோம். குழாயை நான் தூக்க, அடிப்பெட்டியைப் பாக்கியம் தூக்கினாள். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்திருக்கும் ஒரே மாணவி என் மனைவிதான். அவளும் வகுப்பைக் கவனிப்பதில்லை. நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் வடகம் காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

லைரா மண்டலத்தின் வளைய நெபுலாவை வரைந்து முடித்தேன். ஹனீபா நவம்பருக்குள் எல்லாப் படங்களையும் கேட்கிறார். அவர் தலைமை ஆசிரியராக இருக்கும் பள்ளியில் கண்காட்சி. நான் இந்த மாடியிலிருந்து பார்த்துப் பென்சிலால் வரைந்த கோள் நெபுலாக்கள் மட்டுமே. இணையத்தில் கலர் படங்கள் கொட்டிக் கிடக்கையில் இது எதற்கு என்று நானே கேட்டேன்.

"அது எந்திரம் பாத்தது சார். இது நம்ம ஊருல ஒரு மனுஷன் பாத்தது" என்றார். அதற்குமேல் நான் பிகு பண்ணிக்கொள்ளவில்லை.

கோள் நெபுலா என்றாலும் இதற்கும் கோள்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தக் காலத்துத் தொலைநோக்கியில் கோள் மாதிரி வட்டமாகத் தெரிந்ததால் அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். சாகப்போகும் நட்சத்திரம் உதறிவிட்ட வாயுதான் அது. கண்காட்சியில் முதல் பலகையில் இதை எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 30

கூடத்துக் கதவு நிலை வளைந்துவிட்டது. நடுவில் பாம்பு மாதிரி ஒரு நெளிவு. போன வருஷம்தான் போட்டது. தச்சர் மாயாண்டியைக் கூப்பிட்டனுப்பி நாலு வார்த்தை கேட்டேன்.

அவர் மட்டப்பலகையை மேலும் கீழும் வைத்துப் பார்த்தார். "நூல் பிடிச்ச மாதிரி நிக்குது சார். எங்க நெளிஞ்சிருக்குன்னு நீங்களே காட்டுங்க."

காட்டினேன். அவர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். உங்கள் மட்டப்பலகையே கோணல் என்று சொல்லிவிட்டேன். மனிதர் பாவம், அதைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். பாக்கியம் அவருக்குக் காபி கொடுத்து வாசல்வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்தவள் நிலையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்த ஆளிடம் கடுமையாகப் பேசியது பிடிக்கவில்லை போலும்.

செப்டம்பர் 3

இந்த நோட்டின் கோடுகளும் நெளிகின்றன. மழை ஈரத்தில் காகிதம் ஊதியிருக்க வேண்டும் என்று பாக்கியத்திடமும் சொன்னேன்.

செப்டம்பர் 7

கண்காட்சிக்கான விளக்கத்தை இன்று பாக்கியத்திடம் ஒத்திகை பார்த்தேன். அவள் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓட முடியாது.

சூரியன் மாதிரியான ஒரு நட்சத்திரம் வயதாகி ஊதுகிறது. வெளி அடுக்குகள் மெதுவாகக் கழன்று போகின்றன. உள்ளே இருந்த சூடான கரு வெளியே தெரிகிறது. அதிலிருந்து ஒரு வேகமான காற்று கிளம்பி, முன்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த வாயுவைப் பிடித்துத் தள்ளி ஓர் ஓடாகத் திரட்டுகிறது. கருவின் புற ஊதா ஒளி பட்டு அந்த ஓடு ஒளிர்கிறது. சில ஆயிரம் வருஷங்கள்தான். அப்புறம் கலைந்துவிடும்.

"ஓடுன்னா பந்து மாதிரியா? நீங்க வளையம்னு வரைஞ்சு வச்சிருக்கீக?"

நல்ல கேள்வி. கண்ணாடித் தம்ளரைத் தூக்கிக் காட்டினேன். நடுவே பார்த்தால் கண்ணாடி இருப்பதே தெரிவதில்லை, ஓரம் மட்டும் அழுத்தமாகத் தெரிகிறது. ஓரத்தில் நம் பார்வை அதிகக் கண்ணாடியைக் கடந்து போகிறது. நெபுலாவின் ஓடும் பல சமயம் அப்படித்தான் வளையமாகத் தெரிகிறது. அவள் தம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரியாகக் கழுவவில்லை என்று எடுத்துப் போய்விட்டாள்.

திரும்பி வந்ததும் மற்ற வடிவங்களையும் சொன்னேன். எல்லாம் உருண்டையாக இருப்பதில்லை. இடுப்புச் சிறுத்து இரண்டு பக்கமும் உப்பி உடுக்கை மாதிரியும் உண்டு. அநேகமாக அதற்குக் காரணம், பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றும் இன்னொரு நட்சத்திரம். பெரும்பாலும் அது நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வடிவத்தைப் பார்த்துத்தான் அங்கே ஒன்று இருக்கிறது என்று ஊகிக்கிறார்கள்.

"வீட்டுக்காரம்மான்னு சொல்லுங்க" என்றாள். "பேரு பூரா அவருக்கு, இடுப்பொடிஞ்சது இவளுக்கு."

ஹனீபாவிடம் இதைச் சொன்னால் பலகையில் எழுதியே வைத்துவிடுவார்.

செப்டம்பர் 12

பாக்கியத்துக்கு இப்போதெல்லாம் பேச்சு கூடிவிட்டது. இலையில் பரிமாறும்போதே வர்ணனை. "ரசம் வலது கைப்பக்கம் கிண்ணத்துல இருக்கு. மீன்ல முள்ளு எடுத்துட்டேன், சும்மா சாப்பிடுங்க." டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள், யாருக்கு யாரைக் கோர்த்துவிட வேண்டும் என்று இன்னமும் யோசித்துக்கொண்டே இருப்பாள் போலிருக்கிறது. காபியும் எவர்சில்வரில் வருவதில்லை. வெள்ளைக் கோப்பைக்கு மாறிவிட்டது. எவர்சில்வர் தேய்க்கச் சிரமம் என்கிறாள். வசதியாகத்தான் இருக்கிறது, விளிம்புவரை எவ்வளவு இருக்கிறது என்று தெரிகிறது.

பேப்பரில் விசேஷம் ஒன்றும் இல்லை. தலைப்புகள் எல்லாம் எப்போதோ படித்த மாதிரியே இருக்கின்றன. நாட்டில் புதிதாக எதுவும் நடப்பதில்லை.

"என்ன போட்டிருக்கான் பேப்பர்ல?" என்றாள். அதையே சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். அடுக்களையில் வெகுநேரம் சத்தமே இல்லை.

செப்டம்பர் 16

ஹனீபா வந்து படங்களை மேசைமேல் பரப்பிப் பார்த்தார். இந்த மனிதரின் தொல்லையே, அவர் உண்மையாகவே பார்ப்பார்.

"சார், பூனைக்கண் நெபுலாவுல நடு நட்சத்திரத்த விட்டுட்டீங்களே?"

"தெரியல, வரையல. கண்ணுக்குத் தெரியறத மட்டும்தான் வரைவேன்."

"ரெண்டு வருஷம் முன்னால வரைஞ்சதுல அழகாப் புள்ளி வச்சிருக்கீங்க." இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஜூலைக்கு அப்புறம் வரைஞ்சது எதுலயும் நடுவுல நட்சத்திரம் இல்ல. வளைய நெபுலாவுல அது உங்க தொலைநோக்கிக்குத் தெரியாது, சரி. இதுல தெரியணுமே?"

காற்றில் ஈரம், வானம் கலங்கல் என்றேன். ஓர் ஆசிரியரை இன்னோர் ஆசிரியர் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. வீட்டுப் பாடம் நாய் தின்றுவிட்டது என்று சொல்லும் பையனைப் பார்ப்பது மாதிரி. அப்படிப் பார்த்துவிட்டு, பாக்கியம் கொடுத்த பணியாரத்தை எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 17

யோசித்தேன். மங்கலான பொருளை நேராகப் பார்க்கக் கூடாது. பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கி ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். இருட்டில் கண்ணின் நடுப்பகுதிக்குச் சக்தி குறைவு, ஓரத்துக்குத்தான் அதிகம். வானம் பார்ப்பவர்கள் எல்லாரும் முதலில் பழகுவது இதைத்தான். நாற்பது வருஷமாக நான் அப்படித்தான் பார்க்கிறேன். இப்போது பகலில், ஆட்களைக்கூட அப்படியே பார்க்கிறேன் போலிருக்கிறது. பழக்கம் முற்றிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

செப்டம்பர் 24

மழை விட்டு வானம் திறந்தது. விளக்கு வைத்த கையோடு மாடிக்குப் போனேன். பாக்கியமும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

அன்ன மண்டலத்தில் கண்சிமிட்டும் நெபுலா என்று ஒன்று இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு நான் எப்போதும் அதைத்தான் காட்டுவேன். நேராகப் பார்த்தால் நெபுலா மறைந்துவிடும், நடு நட்சத்திரம் மட்டும் பளிச்சென்று நிற்கும். பார்வையைச் சற்று ஒதுக்கினால் சுற்றியிருக்கும் புகை பொங்கி வந்து நட்சத்திரத்தை மூடிக்கொள்ளும். பார்வையை மாற்றி மாற்றி வைத்தால் கண் சிமிட்டுவது மாதிரியே இருக்கும். பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

வலது கண்ணை வைத்தேன். நான் தொலைநோக்கியில் பார்ப்பதும் படிப்பதும் எப்போதும் அந்தக் கண்ணால்தான்; இடது கண் சிறு வயதிலிருந்தே மந்தம், புள்ளி வெளிச்சம் தெரியும், எழுத்தும் முகமும் அவ்வளவாகப் பிடிபடாது. ஓரமாகப் பார்த்தேன், புகை இருந்தது. நேராகப் பார்த்தேன். நட்சத்திரம் வரவில்லை. புகையும் போய், அந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கறை மட்டும் நின்றது. பார்வையை நகர்த்தினேன், கறையும் கூடவே நகர்ந்தது.

அப்புறம் நான் என்றைக்கும் செய்யாததைச் செய்தேன். இடது கண்ணை வைத்தேன். நட்சத்திரம் அங்கேயே இருந்தது, ஊசி குத்தினாற்போல்.

வானத்தில் கோளாறில்லை, காகிதம் ஊதவில்லை. மாயாண்டியின் மட்டப்பலகையும் கோணல் இல்லை. வலது கண்ணின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 25

கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோர் ஊற்றினேன். மாடிக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். தடவித் தடவி மாற்ற முடிந்தது. பாக்கியத்திடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அவள் அப்பாவுக்கு நடு வயதுக்குமேல் கண் போய்விட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவரைக் கையைப் பிடித்துக் கடைத்தெரு, கோயில், கிளை நூலகம் என்று கூட்டிப் போவது இவள் வேலை. தோழிகள் பாண்டி ஆடுவதைத் தாண்டிக்கொண்டு போக வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள் சொன்னாள்: "நீங்க என்ன வேலை வேணா சொல்லுங்க, செய்றேன். கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற வேலை மட்டும் வச்சுராதீக." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சத்தியம் செய்துகொடுத்தேன். இருபத்தாறு வயதில் எதற்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம்.

செப்டம்பர் 28

தலையில் இடி விழுந்தது. பாக்கியத்துக்குக் கண் மங்குகிறதாம்.

காலையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க, எனக்குக் கொஞ்ச நாளா எல்லாம் புகை மாதிரி தெரியுது. எங்கப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்திருச்சோ என்னமோ" என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவள் எப்போதும் அப்படித்தான்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். கண் விஷயத்தில் ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் ஆபத்து, படித்தவள் இப்படியா செய்வாள், என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று பொரிந்து தள்ளிவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து உடனே நிறுத்திவிட்டேன்.

மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு நாளை மறுநாள் போகிறோம். என் கண்ணை யார் பார்த்தார்கள் இப்போது. அவள் கண் சரியாக இருந்தால் போதும். அவளுக்கு ஒன்று என்றால் நான் கையைப் பிடித்துக்கொள்வேன், நாள் பூரா, ஊர் பூரா.

செப்டம்பர் 30

இரவு லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து எப்படிப் போகிறதோ, போகட்டும்.

ஆஸ்பத்திரியில் திருவிழாக் கூட்டம். பதிவு செய்யும் இடத்தில் நான் பைகளோடு பின்னால் நின்றேன், பாக்கியம் முன்னால் போய் ஏதோ பேசி இரண்டு சீட்டு வாங்கி வந்தாள். ஒன்று துணைக்கு வருபவருக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளை முதலில் கூப்பிட்டார்கள். சுவரில் எழுத்து அட்டை. மேல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். எக்ஸ்சேஞ்சில் நம்பர் திருப்பிச் சொல்வதுபோல மளமளவென்று இறங்கிக் கடைசி வரிவரை போய்விட்டாள். அதற்குக் கீழே ஒரு வரி இருந்தால் அதையும் படித்திருப்பாள். "உங்களுக்குக் கண்ணு நல்லா இருக்கும்மா" என்று அந்தப் பெண் சொன்னதும் நான் மடியிலிருந்த பைகளைத் தரையில் இறக்கி வைத்தேன். அப்போதுதான் "சுந்தரவேல் யாரு?" என்று கூப்பிட்டார்கள்.

பாக்கியத்தைப் பார்த்தேன். ஓரக்கண்ணால்தான்; அப்படித்தானே முகம் தெரிகிறது.

"போங்க" என்றாள். "கூப்பிடுறாகள்ல."

டாக்டர் சின்னப் பெண். வலது கண்ணுக்குள் விழித்திரையின் நடுவே கெட்ட ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றன என்றார். கட்டம் போட்ட ஓர் அட்டையைக் காட்டினார், கோடுகளெல்லாம் நெளிந்தன. "இவ்ளோ நாள் எப்படி சார் தெரியாம இருந்தீங்க?" என்றார். நட்சத்திரம் பார்க்கிறவன் ஓரமாகப் பார்த்தே பழகியவன் என்று விளக்கினேன். அவருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. கண்ணுக்குள் ஊசி போட வேண்டுமாம், மாதம் ஒன்றாகச் சில மாதங்கள். போனது முழுக்கத் திரும்பி வராது. இருப்பதைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் அந்த வாய்ப்பும் கைவிட்டுப் போயிருக்கும்.

ஊசி இன்று மதியமே போட்டுவிட்டார்கள். நினைத்த அளவுக்கு வலி இல்லை. நினைத்ததுதான் வலி.

லாட்ஜுக்கு வந்ததும் கேட்டேன். "எப்பத்துலருந்து தெரியும்?"

"கதவு நெளியுதுன்னு மாயாண்டிகிட்ட சண்டைக்குப் போனீகளே, அன்னைக்கே சந்தேகம். எங்கப்பாவுக்கு முதல்ல உத்தரம் நெளிஞ்சுச்சு. ஆசாரியத் திட்டுனாரு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா? கோடு நெளிஞ்சா காகிதம் ஊதியிருச்சுன்னீக. நிச்சயமாத் தெரிஞ்சுக்கணும்னு மூணு நாளா ஒரே பழைய பேப்பரையே கையில குடுத்தேன். நாட்டுல ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிட்டு மடிச்சு வச்சீக. அன்னைக்கு உள்ள போயி அழுதேன். அதுக்கப்புறம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிப் பேச்ச எடுத்தேன், வானம் தெளிஞ்சிருச்சுன்னு மாடிக்கு ஓடிட்டீக. உங்களுக்குன்னு சொன்னா வரமாட்டீக. எனக்குன்னா வருவீகன்னு தெரியும்."

"அன்னைக்கு நான் திட்டுனப்ப அழுதியே?"

"எங்க அழுதேன்? மறைக்க என்ன இருக்குன்னு நீங்க கேட்டீகளா, சிரிப்ப அடக்க முடியல."

இவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எழுதுவதற்கு இந்தப் பேனா போதாது. ஆனாலும் எழுதிவைக்கிறேன்: ரொம்பப் பிடிக்கும்.

அக்டோபர் 17

மழை. கண்ணில் சொட்டு மருந்து. ஸ்கெட்ச் பேனாவில் எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் கொள்கிறது. பாக்கியம் எனக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறாள். அன்றைய பேப்பர்தானா என்று தேதியையும் படிக்கச் சொல்கிறேன்.

நவம்பர் 2

இரண்டாவது ஊசி ஆயிற்று. கசிவு குறைந்திருக்கிறதாம். கதவு நிலை கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. மாயாண்டியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் மறுபடியும் மட்டப்பலகையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நடுவில் அந்தக் கறை இருக்கிறது. சின்னதாகியிருக்கிறது, போகவில்லை. போகாது என்று டாக்டர் சொன்னது சொன்னதுதான். ஹனீபா வந்தார். கண்காட்சிக்குக் கடைசிப் படம் மட்டும் பாக்கி, கண்சிமிட்டும் நெபுலா. பழைய படத்தையே வைத்துவிடலாம் என்றார். பார்க்கலாம் என்றேன்.

நவம்பர் 13

நாலு நாள் மழைக்கு அப்புறம் மாலையில் வானம் விட்டது. பாக்கியம் கேட்காமலேயே அடிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். படியின் விளிம்புகளில் யாரோ மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

இடது கண்ணால் வரையலாம். டாக்டரே அதைத்தான் சொன்னார். ஆனால் நாற்பது வருஷமாகப் பார்த்த கண் வலதுதான். அதையே வைத்தேன். பார்வையை ஒதுக்கியதும் புகை எழுந்து வந்தது, முன்னைப்போலவே மெல்லிய நீலப் பச்சையில். உள்ளே திரண்ட ஓடு, வெளியே பரவிய மங்கல் வட்டம், இரு முனையிலும் இருக்கும் சின்னத் தடிப்புகள் எல்லாவற்றையும் மெதுவாக நிழலடித்து வரைந்தேன். நடுவைக் காலியாக விட்டேன். கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் வரைவேன் என்பது என் கொள்கை.

அப்புறம் பாக்கியத்தைக் கூப்பிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தொலைநோக்கியில் ஒழுங்காகப் பார்த்ததே கிடையாது. எல்லாம் புகைதானே என்பாள்.

"நேராப் பாரு. ஓரமாப் பாக்காத. என்ன தெரியுது?"

ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"புகை எங்க போச்சு? ஒண்ணே ஒண்ணுதான் நிக்குது."

"எப்படி இருக்கு?"

"சின்னதா. ஆனா நல்லா அழுத்தமா நிக்குதுங்க. நகரவே மாட்டேங்குது."

எத்தனையோ பேருக்கு அதைக் காட்டியிருக்கிறேன். எனக்கு யாரும் காட்டியதில்லை. பென்சிலை அவள் கையில் கொடுத்து, அதைப் படத்தில் வை என்றேன். "ஐயோ, கெட்டுப்போயிரும்" என்று பின்வாங்கினாள். வற்புறுத்தினேன். மறுபடி ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, பிள்ளைக்குப் பொட்டு வைப்பதுபோல வைத்தாள்.

அளவுக்குக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கறைக்கு வெளியிலிருந்து பார்த்தால் எனக்கே தெரிகிறது. ரப்பர் பக்கத்தில்தான் இருந்தது, நான் எடுக்கவில்லை. ஹனீபா கேட்டால், இது நம்ம ஊரில் இரண்டு மனிதர்கள் பார்த்தது என்று பலகையில் எழுதிக்கொள்ளட்டும்.

இறங்கும்போது மாடிப்படியில் இருட்டிவிட்டது. முதல் படியில் கால் வைக்கத் தயங்கினேன். எனக்கு ஒரு படி கீழே அவள் நின்றுகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"தோளப் பிடிச்சுக்கங்க."

"கூட்டிட்டுப் போற வேலை உனக்கு வைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல?"

"அது அப்பா கை. பிடிச்சு இழுத்துட்டுப் போவேன்" என்றாள். "இது என் தோளு. நீங்க பாட்டுக்கு வாங்க, நான் பாட்டுக்கு முன்னால போறேன். அங்கிட்டுத்தான போறேன் நானும்."

பிடித்துக்கொண்டேன். கீழே வந்து விளக்குப் போட்ட பிறகும் கையை எடுக்கவில்லை. அவளும் அடுக்களைவரை அப்படியே நடந்தாள்.